உபரிச் சரக்கா, சர்க்கரையா, நிலக்கரியா? உள்நாட்டுப் போருக்குப் பின் அமெரிக்கா கடல் கடந்தது ஏன்?

கரிசல்மண் (இழையைத் தொடங்கியவர்) – ஞாயிறு, காலை 10.20

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு 26 ஆண்டுகளாக வரலாறு நடத்தி வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் நான் கரும்பலகையில் எழுதிப்போடும் ஒரு வாக்கியம் உண்டு: "உள்நாட்டுப் போருக்குப் பின் அமெரிக்காவில் தொழில் பெருகியது, உற்பத்தி உள்நாட்டுத் தேவையை மிஞ்சியது, ஆகவே சந்தை தேடி அமெரிக்கா கடல் கடந்தது." தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் விடை. போன வாரம் ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "ஐயா, ஹவாயில் அந்தச் சரக்கையெல்லாம் யார் வாங்கினார்கள்?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து மனம் அமைதியாக இல்லை.

வாக்கியத்தின் முதல் பாதியில் எனக்கு ஐயமில்லை. 1865இல் போர் முடிந்தபோது அங்கே இருப்புப்பாதையின் நீளம் சுமார் 35 ஆயிரம் மைல். 1900இல் 1 லட்சத்து 93 ஆயிரம் மைல். எஃகு உற்பத்தி 1870இல் 70 ஆயிரம் டன்னுக்குள் இருந்தது. 1900இல் 1 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. பிரிட்டனை முந்தியாகிவிட்டது. தண்டவாளத்துக்கு எஃகு தேவைப்பட்டது, எஃகு ஆலைக்கு நிலக்கரியையும் தாதுவையும் கொண்டுவரத் தண்டவாளம் தேவைப்பட்டது. அரசு இருப்புப்பாதை நிறுவனங்களுக்குப் பெரும் நிலப்பரப்புகளை வழங்கியது, வெளிநாட்டுச் சரக்கின்மீது காப்புவரியை ஏற்றியது. 1870 முதல் 1900 வரை ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் குடியேறி உழைப்பைத் தந்தார்கள்.

இரண்டாம் பாதிதான் இடிக்கிறது. 1890களின் இறுதியில் அமெரிக்க ஏற்றுமதியின் பெரும்பங்கு ஐரோப்பாவுக்கே போனது. அதிலும் பருத்தி, கோதுமை, இறைச்சிதான் முன்னணியில் நின்றன. எல்லோரும் கனவு கண்ட சீனா வாங்கியதோ நூற்றில் இரண்டு பங்குக்கும் கீழே. அப்படியிருக்க, "சந்தை தேடி" என்ற சொல் எதை விளக்குகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமை அந்தப் பையன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

இரும்புத்தூண் – ஞாயிறு, நண்பகல் 12.05

ஐயா, அந்த வாக்கியத்தை அவ்வளவு எளிதாகக் கைவிட்டுவிடாதீர்கள். சரக்கு உண்மையில் விற்றதா என்பது ஒரு கேள்வி. விற்கும் என்று நம்பினார்களா என்பது வேறு கேள்வி. முடிவுகளை எடுக்க வைத்தது நம்பிக்கைதான், அதைவிட அதிகமாக அச்சம்.

1873இல் இருப்புப்பாதைக்குப் பணம் திரட்டிய ஜே குக்கின் வங்கி விழுந்து ஆண்டுக்கணக்கில் மந்தம். 1877இல் இருப்புப்பாதைத் தொழிலாளர் வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு. மீண்டும் 1893இல் பெரும் சரிவு. இருபது ஆண்டுகளில் இரண்டு முறை நாடு முடங்கியது. இதற்கு ஆலை முதலாளிகள் கண்ட காரணம் ஒன்றே: நாம் செய்வது நம் மக்கள் வாங்குவதைவிட அதிகம். பின்னாளில் செனட்டரான ஆல்பர்ட் பெவரிட்ஜ் மேடையில் இதையே முழங்கினார்: நம் ஆலைகள் நம் தேவைக்கு மேல் உற்பத்தி செய்கின்றன, உலக வணிகம் நமதாகியே தீர வேண்டும் என்று.

இன்னொன்று. தென் கரோலினாவின் பருத்தி ஆலைகள் நெய்த முரட்டுத் துணி மஞ்சூரியாவில் நன்றாக விற்றது. நாட்டின் மொத்தக் கணக்கில் சீனா சிறிய வாடிக்கையாளர். அந்த ஆலைகளுக்கு மட்டும் அதுவே சோறு. 1899இல் வெளியுறவு அமைச்சர் ஜான் ஹே, சீனாவில் எல்லா நாடுகளுக்கும் சம வணிக வாய்ப்பு வேண்டும் என்று வல்லரசுகளுக்கு மடல் அனுப்பியதன் பின்னால் இப்படிப்பட்டவர்களின் மனுக்களும் இருந்தன. தன் வீட்டுக் கதவைக் காப்புவரியால் அடைத்துக்கொண்டே பிறர் வீட்டுக் கதவைத் திறந்து வைக்கச் சொன்ன கொள்கை அது. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் அதன் வேர் பொருளாதாரத்தில்தான் இருக்கிறது.

கடலோடி – ஞாயிறு, மாலை 6.48

நான் 31 ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். கரையிலிருந்து பார்ப்பவர்கள் சரக்கைப் பார்க்கிறார்கள். எஞ்சின் அறைக்காரன் எரிபொருளைப் பார்ப்பான். ஆகவே ஒரு கப்பலின் கதையைச் சொல்கிறேன். பெயர் 'பாஸ்டன்'.

உள்நாட்டுப் போர் முடிந்தபின் அமெரிக்கக் கடற்படையைக் கவனிப்பார் இல்லை. மரக் கப்பல்கள் மக்கிக்கொண்டிருந்தன. 1883இல்தான் நாடாளுமன்றம் நான்கு எஃகுக் கப்பல்களுக்குப் பணம் ஒதுக்கியது: அட்லாண்டா, பாஸ்டன், சிகாகோ, டால்ஃபின். பென்சில்வேனியாவின் செஸ்டர் நகரில் ஜான் ரோச்சின் தளத்தில் கட்டப்பட்டு, 1884இல் நீரில் இறங்கி, 1887இல் பணியில் சேர்ந்தது பாஸ்டன். நீராவி எஞ்சினும் இருந்தது, பாய்மரமும் இருந்தது. காரணம் எளிது. நடுக்கடலில் நிலக்கரி தீர்ந்தால் காற்றைத்தான் நம்ப வேண்டும்.

பாய்மரத்தை நம்பிய காலத்தில் ஒரு போர்க்கப்பல் மாதக்கணக்கில் கரை தொடாமல் திரியலாம். நீராவிக் கப்பலுக்கு அது முடியாது. சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை நிலக்கரி ஏற்றியே ஆக வேண்டும். பிரிட்டனுக்கு ஏடன், கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் என்று வழி நெடுகத் துறைகள். அமெரிக்காவுக்குப் பசிபிக்கில் என்ன இருந்தது? 1867இல் ரஷ்யாவிடம் 72 லட்சம் டாலருக்கு வாங்கிய அலாஸ்கா. அதே ஆண்டு கைப்பற்றிய மிட்வே என்ற மணல்திட்டு. 1887இல் ஹவாய் அரசரிடம் பெற்ற முத்துத் துறைமுக (பேர்ல் ஹார்பர்) உரிமை. கடற்படை அதிகாரி ஆல்பிரட் மஹான் 1890இல் கடல் வலிமையைப் பற்றி எழுதிய நூலை வாஷிங்டனில், பின்னாளில் குடியரசுத் தலைவரான தியடோர் ரூஸ்வெல்ட் போன்றவர்கள் விழுந்து விழுந்து படித்ததற்கு இந்தப் பின்னணி உண்டு.

1898 ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படையின் ஆசியப் பிரிவுத் தளபதி டூயி தன் கப்பல்களோடு ஹாங்காங்கில் நிற்கிறார். ஸ்பெயினோடு போர் மூண்டதும் பிரிட்டன் நடுநிலை என்று சொல்லி வெளியேறச் சொல்லிவிட்டது. அவசர அவசரமாக 'நான்ஷான்' என்ற பிரிட்டிஷ் நிலக்கரிக் கப்பலைச் சரக்கோடு விலைக்கு வாங்கிக் கையோடு அழைத்துக்கொண்டுதான் ஸ்பெயின் ஆண்ட பிலிப்பைன்ஸின் மணிலாவுக்குப் போனார். அந்த ஒரு கப்பல் மூழ்கியிருந்தால் அவருடைய படை அங்கேயே முடங்கியிருக்கும். மே 1 காலையில் மணிலா விரிகுடாவில் ஸ்பானியக் கப்பல்களைச் சுட்டு வீழ்த்திய வரிசையில் பாஸ்டனும் இருந்தது.

அதே நேரம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 'ஓரிகன்' என்ற போர்க்கப்பலை, ஸ்பெயின் ஆண்ட இன்னொரு தீவான கியூபா பக்கம் அழைத்தார்கள். தென் அமெரிக்காவையே சுற்றிக்கொண்டு 14 ஆயிரம் மைல் ஓடி ஃபுளோரிடா வந்து சேர 66 நாள் ஆயிற்று. பனாமாக் கால்வாய் வேண்டும் என்ற பேச்சுக்கு அந்த 66 நாளைவிடப் பெரிய வாதம் தேவைப்படவில்லை. 1914 ஆகஸ்ட் 15இல் கால்வாய் திறந்தது.

என் கருத்து: கடல் கடக்க வைத்தது சரக்கு அன்று, நிலக்கரி.

மாலைநேரம் – ஞாயிறு, இரவு 9.31

கடலோடி ஐயா, பாஸ்டனின் கதையில் ஒரு துறைமுகத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்தக் கப்பல் மணிலாவுக்குப் போவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே ஹோனலூலுவில் நின்றது. 1893 ஜனவரி 16 அன்று அதிலிருந்து 162 பேர் துப்பாக்கியோடு கரையில் இறங்கினார்கள். மறுநாள் ஹவாய் அரசி லிலியுகலானி அரியணை இழந்தார். அவர்கள் ஒரு குண்டும் சுட வேண்டியிருக்கவில்லை. அரண்மனைக்கு எதிரே அணிவகுத்து நின்றதே போதுமானதாக இருந்தது.

கரிசல்மண் ஐயா, உங்கள் மாணவனுக்கு நேரான பதில் இங்கே இருக்கிறது. ஹவாய் வாங்கியதைவிட விற்றது மிக அதிகம். அது விற்றது சர்க்கரை. 1875இல் செய்த ஒப்பந்தத்தால் ஹவாய்ச் சர்க்கரை வரியின்றி அமெரிக்காவுக்குள் போனது. 15 ஆண்டுகளில் உற்பத்தி ஏறத்தாழப் பத்து மடங்கானது. தோட்டங்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பாதிரிமார்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், வணிகர்கள் கையில். வேலை செய்தவர்கள் சீனர், ஜப்பானியர், போர்த்துக்கீசியர். 1887இல் அந்த வெள்ளை வணிகர் குழு ஆயுத மிரட்டலோடு அரசர் கலகவாவிடம் ஓர் அரசியல் சாசனத்தில் கையெழுத்து வாங்கியது. துப்பாக்கி முனைச் சாசனம் என்றே அதற்குப் பெயர். சொத்துத் தகுதி வைத்துப் பெரும்பாலான ஹவாய் மக்களின் வாக்குரிமையைப் பறித்தார்கள். அரசி செய்ய முயன்ற குற்றம், அந்தச் சாசனத்தை மாற்ற நினைத்தது.

இளம்பிறை – ஞாயிறு, இரவு 9.50

அக்கா, ஒரு சந்தேகம். 1890 மெக்கின்லி வரிச் சட்டம் சர்க்கரைமீதான வரியையே நீக்கிவிட்டது என்று படித்தேன். வரி போனால் ஹவாய்த் தோட்டக்காரர்களுக்கு நல்லதுதானே? ஏன் அவர்கள் கலங்கினார்கள்?

மாலைநேரம் – ஞாயிறு, இரவு 10.12

நல்ல கேள்வி தம்பி. அதுவரை மற்ற நாட்டுச் சர்க்கரைக்கு வரி, ஹவாய்க்கு மட்டும் இல்லை. அந்த வேறுபாடுதான் அவர்கள் லாபம். வரி எல்லோருக்கும் போனதும் கியூபாச் சர்க்கரையும் ஹவாய்ச் சர்க்கரையும் ஒரே நிலைக்கு வந்துவிட்டன. அதற்கு மேல், உள்நாட்டில் விளையும் சர்க்கரைக்கு மட்டும் பவுண்டுக்கு 2 சென்ட் ஊக்கத்தொகை. அந்த 2 சென்ட் வேண்டுமென்றால் ஹவாய் 'உள்நாடு' ஆக வேண்டும்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும்: எல்லாத் தோட்டக்காரர்களும் இணைப்பை விரும்பவில்லை. மிகப் பெரிய சர்க்கரை முதலாளியான கிளாஸ் ஸ்ப்ரெக்கல்ஸ் எதிர்த்தார். அமெரிக்கச் சட்டம் வந்தால் ஒப்பந்தக் கூலிமுறை போய்விடும் என்ற அச்சம். அவரவர் கணக்கு அவரவருக்கு.

அடுத்து நடந்ததை நான் வாசிக்கும் ஒவ்வொரு முறையும் மனம் கனத்துப் போகிறது. குடியரசுத் தலைவர் கிளீவ்லண்ட் விசாரணை நடத்தி, செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். கவிழ்த்தவர்களோ பதவி விலக மறுத்து 1894இல் தங்களைக் குடியரசாக அறிவித்துக்கொண்டார்கள். 1897இல் இணைப்பு ஒப்பந்தம் செனட்டுக்கு வந்தபோது தீவு தீவாக அலைந்து மக்கள் கையெழுத்துத் திரட்டினார்கள். 21 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள். அப்போது பூர்வகுடி மக்கள்தொகையே சுமார் 40 ஆயிரம் என்பதை நினைத்துப் பாருங்கள். நான்கு தூதர்கள் அதை வாஷிங்டனுக்கு எடுத்துப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காமல் ஒப்பந்தம் நின்றுபோனது.

அதாவது, அந்த மக்கள் வென்றார்கள்! ஆனால் 1898இல் ஸ்பெயினோடு போர் வந்தது. ஒப்பந்தமாக நிறைவேறாததைச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று கூட்டுத் தீர்மானமாகக் கொண்டுவந்து ஜூலை 7 அன்று கையெழுத்திட்டார் குடியரசுத் தலைவர் மெக்கின்லி. மனுவின் தாள்கள் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. 1990களில் ஒரு ஹவாய் ஆய்வாளர் அவற்றை வெளிக்கொணர்ந்தபோது, பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டன் பாட்டியின் கையெழுத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதுவரை, மூத்தோர் எதிர்ப்பில்லாமல் பணிந்துவிட்டார்கள் என்றே அவர்களுக்குச் சொல்லித் தரப்பட்டிருந்தது.

தறிச்சத்தம் – திங்கள், காலை 7.15

சர்க்கரை, நிலக்கரி எல்லாம் சரி. அந்த எஃகைக் காய்ச்சியவர்களைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. நான் தொழிற்சங்கக் குடும்பத்தில் பிறந்தவள், அதனால் எழுதுகிறேன்.

எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகிக்குச் சொந்தமான, பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் ஆலையில் புதிய கடற்படைக்கான கவசத் தகடுகள் உருவாயின. அங்கே உலையடியில் 12 மணி நேர வேலை. 1892இல் கூலியைக் குறைக்க முற்பட்டார்கள், சங்கம் மறுத்தது. மேலாளர் ஃப்ரிக் ஆலையைச் சுற்றி வேலி எழுப்பிக் கதவடைப்புச் செய்தார். கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில். ஜூலை 6 விடியலில் பிங்கர்ட்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் சுமார் 300 அடியாட்களைப் படகில் கொண்டுவந்து இறக்க முயன்றபோது ஆற்றங்கரையில் சண்டை, இரு பக்கமும் சாவு. பிறகு மாநிலப் படை வந்தது. சங்கம் உடைந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் எஃகுத் தொழிலில் சங்கம் தலையெடுக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டே அங்கிருந்த தொழிலாளர் சிலர் ஓர் உண்மையை வெளியே கொண்டுவந்தார்கள். கடற்படைக்குப் போன தகடுகளில் உள்ளே காற்றுக்குழிகள். அவற்றை அடைத்து மறைத்துச் சோதனையில் தேற வைத்திருக்கிறார்கள். அரசு அபராதம் விதித்தது.

இரும்புத்தூண் அண்ணா, உங்களிடம் ஒரு கேள்வி. "நம் மக்கள் வாங்குவதைவிட அதிகம் உற்பத்தி" என்கிறீர்கள். மக்களால் ஏன் வாங்க முடியவில்லை? கூலியை வெட்டியவர்கள் யார்? உபரி என்பது வானத்திலிருந்து கொட்டிய மழை அன்று. ஹோம்ஸ்டெட்டில் கூலி ஏறியிருந்தால், உபரியில் ஒரு பகுதி ஹோம்ஸ்டெட் வீடுகளுக்கே போயிருக்கும்.

இரும்புத்தூண் – திங்கள், காலை 8.02

ஒப்புக்கொள்கிறேன் தங்கை. என் வாதத்தில் அந்த இடம் ஓட்டைதான். உற்பத்தி மிகுதி என்று முதலாளிகள் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டேன்.

கார்னகியைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். பிலிப்பைன்ஸை எடுத்துக்கொள்வதை அவர் உறுதியாக எதிர்த்தார். அதற்காக ஸ்பெயினுக்குக் கொடுக்கும் 2 கோடி டாலரைத் தானே தருகிறேன், அந்த மக்களுக்கு விடுதலை கொடுங்கள் என்று முன்வந்தார். 1898இல் பாஸ்டன் நகரில் தொடங்கிய ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கத்தில் எழுத்தாளர் மார்க் ட்வெய்னோடு அவரும் இருந்தார். "ஆலை முதலாளிகள் நாட்டைக் கடல் கடத்தினார்கள்" என்ற எளிய கதைக்கு இது பொருந்தவில்லை.

பனங்காடு – திங்கள், இரவு 8.40

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கடலோடி அண்ணா, உங்கள் நிலக்கரிக் கணக்கை மதிக்கிறேன். ஆனால் நிலக்கரி ஏற்ற ஒரு துறைமுகம் போதும். மணிலா விரிகுடாவில் ஒரு மூலையைக் குத்தகைக்குக் கேட்டிருக்கலாம். ஏன் 7,000 தீவுகளும் அவற்றின் மக்களும்?

அங்கே ஆளில்லா வெற்றிடம் இருக்கவில்லை. ஸ்பெயினை எதிர்த்து 1896 முதல் பிலிப்பினோக்கள் போராடி வந்தார்கள். 1898 ஜூன் 12இல் அவர்களின் தலைவர் அகினால்டோ விடுதலையை அறிவித்துவிட்டார். டிசம்பர் 10 பாரிஸ் உடன்படிக்கையில் ஸ்பெயினும் அமெரிக்காவும் மட்டும் அமர்ந்து விலை பேசின. பிலிப்பினோத் தூதரை உள்ளே விடவில்லை. 1899 பிப்ரவரி 4 இரவு மணிலாவின் ஓரத்தில் அமெரிக்க வீரர்கள் சுடத் தொடங்கினார்கள். இரண்டு நாள் கழித்து 57க்கு 27 என்று செனட் உடன்படிக்கையை நிறைவேற்றியது.

மூன்றாண்டுக்கு மேல் நீண்ட அந்தப் போரில் அமெரிக்கர் 4,000க்கு மேல் இறந்தார்கள். பிலிப்பினோப் போராளிகள் சுமார் 20 ஆயிரம். பொதுமக்கள், பஞ்சமும் காலராவும் சேர்த்து, 2 லட்சம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வாயில் குழாய் வைத்துத் தண்ணீரை ஊற்றி வதைத்து உண்மை வாங்கியதை அமெரிக்க வீரர்களே செனட் விசாரணையில் ஒப்புக்கொண்டார்கள். சமார் தீவின் பலாங்கிகாவில் 48 அமெரிக்க வீரர்கள் கொல்லப்பட்டபின், பத்து வயதுக்கு மேற்பட்டவர்களைக் கொல்லச் சொன்ன தளபதி ஜேக்கப் ஸ்மித் கண்டிக்கப்பட்டு ஓய்வில் அனுப்பப்பட்டார், தண்டனை அவ்வளவுதான். அந்த ஊர்த் தேவாலயத்திலிருந்து எடுத்துப்போன மணிகள் 2018 டிசம்பரில்தான் திரும்பின.

அதே படையில் கறுப்பினப் படைப்பிரிவுகளும் இருந்தன. அவர்கள் ஊரில் வாக்குரிமை பறிபோய்க்கொண்டிருந்த காலம். 1898 நவம்பரில் வட கரோலினாவின் வில்மிங்டனில் வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தவரைக் கொன்று, தேர்ந்தெடுத்த நகராட்சியையே கவிழ்த்தது. பிலிப்பினோப் போராளிகள் அந்தக் கறுப்பு வீரர்களுக்கென்றே அறிவிப்புகளை எழுதி வைத்தார்கள்: உங்கள் ஊரில் உங்களை மரத்தில் தூக்கிலிடுகிறவர்களுக்காக எங்களைச் சுடுகிறீர்களே என்ற பொருளில். 24ஆம் காலாட்படையின் டேவிட் ஃபேகன் அணி மாறிப் பிலிப்பினோக்கள் பக்கம் போரிட்டார்.

உள்நாட்டுப் போரில் வென்ற கொள்கை, ஆளப்படுகிறவனின் சம்மதம் வேண்டும் என்பது. 1877இல் தெற்கிலிருந்து படையை விலக்கிக் கறுப்பினத்தவரைக் கைவிட்டபோதே அதையும் கைவிட்டவர்களுக்கு மணிலாவில் கைவிடுவது கடினமாக இருக்கவில்லை. உபரிச் சரக்கைவிட இதுவே எனக்குப் பெரிய காரணமாகத் தெரிகிறது.

கடலோடி – திங்கள், இரவு 10.25

தம்பி, துறைமுகத்தை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றியுள்ள நிலத்தை வேறொருவன் பிடித்தால் துறைமுகம் நிலைக்காது என்று அன்றைய கடற்படையினர் சொன்னார்கள். ஜெர்மானியக் கப்பல்கள் மணிலா விரிகுடாவிலேயே வந்து நின்றன. அந்த அச்சம் வெறும் கற்பனை இல்லை. ஆனால் அகினால்டோவின் அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தால் அதே பாதுகாப்பு கிடைத்திருக்கும். அதை அவர்கள் ஏன் எண்ணவே இல்லை என்பதற்கு எஞ்சின் அறையில் விடை இல்லை. உங்கள் பதிவில்தான் இருக்கிறது.

இளம்பிறை – திங்கள், இரவு 10.41

நம் பக்கத்து ஒட்டுறவு ஒன்று தோன்றுகிறது. 1893 ஜூலையில் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த கூட்டத்தில்தான் வரலாற்றாசிரியர் டர்னர், அமெரிக்க மேற்கின் எல்லைநிலம் தீர்ந்துவிட்டது என்ற கட்டுரையை வாசித்தார். அதே கண்காட்சியை ஒட்டி செப்டம்பரில் விவேகானந்தர் பேசினார். சென்னை இளைஞர்கள் வீடு வீடாகத் திரட்டிய பணமும் அவரை அங்கே அனுப்பியது. மின்விளக்கில் ஒளிர்ந்த அந்தக் கண்காட்சிக்கு வெளியே வேலை இழந்தவர்கள் தெருவில் இருந்தார்கள்.

கரிசல்மண் – செவ்வாய், காலை 6.30

நேற்று வகுப்பில் அந்தப் பையனை எழுப்பி, ஹவாய் வாங்கவில்லை, விற்றது என்று தொடங்கினேன். 2 சென்ட் கணக்கைக் கரும்பலகையில் போட்டேன். 21 ஆயிரம் கையெழுத்து என்றதும் வகுப்பு அடங்கிவிட்டது. "கையெழுத்துப் போட்டவர்களுக்குப் பிறகு வாக்குரிமை கிடைத்ததா?" என்று கேட்டான். ஹவாய் மாநிலமானது 1959இல்தான், அதுவரை குடியரசுத் தலைவர் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை என்றேன். அதே 1898 போரில் ஸ்பெயினிடமிருந்து எடுத்த புவேர்ட்டோ ரிக்கோவில் வாழ்பவர்கள் இன்றும் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்க முடியாது என்பதையும் சொன்னேன். 1901இல் அங்கிருந்து வந்த ஆரஞ்சுப் பழத்துக்கு வரி கேட்ட வழக்கில்தான், கொடி பறக்கும் எல்லா இடத்திலும் அரசியல் சாசனம் முழுமையாகச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அங்கேயும் சுங்கவரிதான்.

ஐந்து மதிப்பெண் விடையை இன்னும் திருத்தி எழுதவில்லை. வடிவம் பிடிபடவில்லை. கடலோடி ஐயா, வகுப்பில் கேட்டார்கள்: அந்தப் பாஸ்டன் கப்பல் பிறகு என்ன ஆயிற்று?

கடலோடி – செவ்வாய், காலை 9.10

நெடுங்காலம் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் கட்டிப்போட்டு, புதிதாகச் சேரும் மாலுமிகளைத் தங்க வைக்கும் கப்பலாக வைத்திருந்தார்கள். 1940இல் பெயரையும் எடுத்து வேறு கப்பலுக்கென ஒதுக்கிவிட்டார்கள். 1946 ஏப்ரலில் கடலுக்குள் இழுத்துப் போய் மூழ்கடித்தார்கள். அதே ஆண்டு ஜூலை 4இல் பிலிப்பைன்ஸ் விடுதலை பெற்றது.